பெயரில்லாத பொத்தான்கள்

“பட்டன்,” என்றது காதுக்குள் இருந்த குரல்.

விசைப்பலகையில் டேப் விசையைத் தட்டினாள்.

“பட்டன்.”

என்ன பட்டன் என்று சொல்லித் தொலைத்தால்தான் என்ன?

மறுபடியும் தட்டினாள். பட்டன். பட்டன். பட்டன்.

அவளுக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லத்தான் அந்தக் குரல். எழுதி வைத்திருந்தால் சொல்லும். எழுதாமல் விட்டுவிட்டால் அதுதான் என்ன செய்யும், பாவம்.

டாக்டர் பேசி அனுப்பியதைக் கேட்டுத் தட்டச்சு செய்தாகிவிட்டது. பிழையும் பார்த்தாகிவிட்டது. கோப்பை எடுத்து, இணைத்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

அது ஒன்றுதான் நடக்கவில்லை.

கோப்பைத் தேடி எடுக்கத் திறக்குமே ஒரு சின்ன ஜன்னல், தட்டச்சு செய்யும் மென்பொருளில் அது அவளுக்கு மனப்பாடம். ஒலியைக் கேட்கும் மென்பொருளில் வேறு மாதிரி இருக்கும். மாரடித்து அதையும் பழகிக்கொண்டாள். இன்று காலை, அறிக்கைகளை அனுப்புவதற்கென்று புதிதாக ஒன்றைப் போட்டிருக்கிறார்கள்.

இதில் இன்னொரு மாதிரி.

செய்வது ஒரே வேலை. அதற்கு ஆளுக்கொரு ஜன்னல்.

வீட்டில் உப்பு டப்பாவை இடம் மாற்றி வைத்தால் அக்காவிடம் சண்டை போடலாம். இவர்களிடம் எங்கே போய்ச் சண்டை போடுவது?

துணிந்து ஒரு பட்டனை அழுத்தினாள்.

ஜன்னலே மூடிக்கொண்டது.

திரும்பவும் முதலிலிருந்து.

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது. மேசையை ஓங்கி ஒரு குத்து விடலாம் போலிருந்தது.

பக்கத்தில் யாரையாவது கூப்பிடலாம். கூப்பிட்டால் முடிந்தது கதை.

சேர்ந்த அன்று மேலாளர் சபேசன் கேட்டது ஒரே கேள்விதான். யார் துணையும் இல்லாமல் செய்ய முடியுமா? முடியும் என்றாள். மூன்று மாதம் பார்க்கலாம் என்றார்.

இன்றோடு மூன்று மாதம்.

பட்டன். பட்டன்.

“என்னம்மா, ஆஸ்பத்திரியில இருந்து ஃபோன் மேல ஃபோன். இன்னுமா அனுப்பல?”

சபேசன்தான். தலைக்கு மேலே நின்றிருந்தார்.

“அனுப்பிட்டே இருக்கேன் சார்.”

“சரி, எந்திரி. நான் பாத்துக்கிறேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. பாவப்பட்டுச் சொன்னார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டாள். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

மவுஸ் சத்தம் கேட்டது.

டக். டக்.

எந்த நொடியும் ‘ஆச்சும்மா’ என்பார். காத்திருந்தாள்.

டக்.

“எங்கம்மா வச்சிருக்க?”

“டெஸ்க்டாப்ல சார்.”

“டெஸ்க்டாப்பே காணோமே இதுல.”

டக். டக் டக்.

“என்ன எழவுடா இது. எல்லாம் படம் படமா போட்டு வச்சிருக்கான். எது எதுக்குன்னு ஒரு எழுத்துகூட இல்ல.”

டக்.

“அடச்சே. மூடிக்கிச்சு.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவர் மறுபடி ஆரம்பித்தார். நாற்காலி கிறீச்சிட்டது. மூச்சு வேகமானது. மேசையில் ஒரு குத்து விழுந்தது.

ஃபோன் அடித்தது; ஆஸ்பத்திரியாகத்தான் இருக்கும். அவர் எடுக்கவில்லை.

கடைசியில் சபேசன் குரல் கொடுத்தார்.

“புகழேந்தி, இங்க கொஞ்சம் வந்து பாருய்யா.”

அடுத்த மேசைப் புகழேந்தி வந்தான். அவனும் ‘ம்ம்’ என்றான். அவனும் டக் டக் என்றான்.

ஓரமாக நின்றிருந்தாள். சிரிப்பு வந்துவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இன்னும் இரண்டு பேர் வந்தால்கூட நன்றாக இருக்கும் என்று தோன்றியது.