தண்ணீர் படாத ரோஜா

செண்பகவல்லி தன் ஓரகத்தியின் புதுவீட்டுக்கென்று சோப்பை உருக்கி, ரோஜா அச்சில் வார்த்துப் பரிசாகக் கொடுத்தாள். அந்த ரோஜா வாஷ்பேசின் ஓரத்தில், தேய்ந்த சோப்புத்துண்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"கண்டவங்க கையும் பட்டு இப்படி ஆயிட்டியே!" என்று முகம் சுளித்தது.

"உனக்கு இன்னும் தண்ணி படலை, அதான் பேசுற," என்றது சோப்புத்துண்டு.

வந்தவர்களெல்லாம், "என்ன அழகு! தொடவே மனசு வரலை," என்று சொல்லிச் சோப்புத்துண்டையே எடுத்தார்கள். அது தேய்ந்து தேய்ந்து, கடைசியில் ஒரு புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிக்கொண்டது. ரோஜாவின் மேல் தூசி படிந்தது, வாசமும் போனது.

ஒரு வருஷம் கழித்துச் செண்பகவல்லி விருந்துக்கு வந்தாள்.

"என்னைச் செஞ்சவ வந்துட்டா! அவளாவது தொடுவா," என்றது ரோஜா.

"அப்படியே வச்சிருக்கீங்களே அக்கா!" என்று பூரித்துப்போன செண்பகவல்லி, புதுச் சோப்பை எடுத்துக் கை கழுவினாள்.