பள்ளிக்கூடம் நிறைய டொக்டர்மார்

"இருங்கோ பிள்ளையள், இருங்கோ. கதைச்சது காணும். அந்த மாமரத்தடியிலை நிக்கிறவைக்கும்தான் சொல்லுறன், வாயை மூடிக்கொண்டு வந்து இருங்கோ."

செல்வநாயகி ரீச்சர் மைக்கிலை சொன்னா. மைக் அவவைவிடப் பெரிசாய்க் கீச்சிட்டுது. அதுக்குப் பிறகுதான் எல்லாரும் இருந்தினம்.

இருந்தவையைப் பாத்தோடனை ரீச்சருக்குத் தலை சுத்திச்சுது.

அண்டைக்குப் பள்ளிக்கூடத்திலை தொழில் வழிகாட்டல் நாள். பத்தாம் வகுப்புப் பிள்ளையள் பெரிசாகி என்னவாய் வரப்போகினமோ, அந்த வேசத்திலை வரவேணும். வேசம் போடாமல் வந்தால் திருகோணமலைச் சுற்றுலாவிலை இடமில்லை. வலயக் கல்விக் கந்தோரிலையிருந்து அடைக்கலநாதன் சேர் வாறார். உலகத்திலை எத்தினை விதமான தொழில் இருக்கெண்டு ஒரே வரிசையிலை அவருக்குக் காட்டிப்போடவேணும் எண்டு ரீச்சர் ஒரு மாசமாய் நித்திரை முழிச்சவ.

வந்ததெல்லாம் டொக்டர்மார்.

பாக்கிற பக்கமெல்லாம் வெள்ளைக்கோட்டு. எல்லாற்றை கழுத்திலையும் ஸ்ரெதஸ்கோப். கடையிலை அது முடிஞ்சு போனதாலை ஒருத்தன் தண்ணிப் பம்புக் குழாயை வெட்டிக் கொழுவியிருந்தான். ஒருத்தி தேப்பன்ரை வேட்டியைக் கோட்டாய்த் தைச்சு, கரை முதுகிலை ஓட இருந்தாள். இடையிலை ரண்டு பேர் மோட்டச்சைக்கிள் ஹெல்மெற்றோடை. அவை இஞ்சினியர்மார்.

அளவெட்டித் தேனுஜன் வீட்டிலை பரம்பரையாய் நாதஸ்வரம். நீயெண்டாலும் அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாமே எண்டு ரீச்சர் கெஞ்சிப் பாத்தா. தான் காது மூக்குத் தொண்டை டொக்டர் எண்டான் தேனுஜன்.

வாசலிலை தோட்டம் செய்யிற சீவரத்தினம் நிண்டார். ரீச்சர் அவரிட்டை ஓடினா. அண்ணை, உங்கடை மகன் லக்ஷன்ரை கோட்டைக் கழட்டிப்போட்டு ஒரு மம்பட்டியைக் குடுத்துவிடுங்கோ, படம் எடுக்க மட்டும் எண்டா.

"ரீச்சர், முதலிலை உங்கடை மகன்ரை கோட்டைக் கழட்டுங்கோ. பிறகு நான் மம்பட்டி கொண்டுவாறன்."

ரீச்சருக்குச் சுறுக்கெண்டு கோவம் வந்துது. முன்வரிசையிலை முதலாவதாய் இருந்த டொக்டர் சுபாங்கன் அவவின்ரை மகன்தான். அவன்ரை ஸ்ரெதஸ்கோப் அசல். கொழும்பிலையிருந்து எடுப்பிச்சது.

அந்தக் கோவத்தோடை திரும்பேக்கைதான் தர்சிகா கண்ணிலை பட்டாள். இடாப்பிலை பேர் கூப்பிடேக்கை 'ஓம்' சொல்லுறதுக்கே மூச்சைச் சேத்து வைக்கிற பிள்ளை.

கோட்டுமில்லை, குழாயுமில்லை. பள்ளிக்கூடச் சட்டை. கழுத்தைச் சுத்தி ஒரு துவாய். கையிலை ஒரு பை. பைக்குள்ளை ஒரு ஃபிளாஸ்க், ரண்டு கதலிப்பழம்.

"இதென்ன கோலம் பிள்ளை? எங்கை, கீரிமலைக்குக் குளிக்கப் போறியோ?"

தர்சிகா வாய் திறக்கப் போனாள்.

"ஒண்டும் கதையாதை. உனக்குத் திருகோணமலை இல்லை. பின்னாலை போய் நில்."

திறந்த வாயை மூடிக்கொண்டு போனாள். சாவகச்சேரிக்கு அங்காலை ஒரு ஊர் காணாத பிள்ளை. ஃபிளாஸ்கை நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு கடைசி வரிசைக்குப் பின்னாலை நிண்டாள்.

சேர் வந்தார். மாலை போட்டினம். பொன்னாடை போத்தினம். பொன்னாடைக்கு மேலை இன்னொரு மாலை. வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை. வாழ்த்துரை எண்டு ஏறின பழைய மாணவர் ஒருத்தர், தான் லண்டனிலை என்ன வேலை பாக்கிறார் எண்டதை மட்டும் விட்டிட்டு மிச்சம் எல்லாத்தையும் சொன்னார். வெய்யில் உச்சிக்கு வந்திட்டுது. சேர் சீனி வருத்தக்காரன், நேரத்துக்குச் சாப்பிடாட்டில் சீனி இறங்கிப்போகும். காலமைச் சாப்பாட்டை விழா முடியத் தாறம் எண்டு அதிபர் மறிச்சு வைச்சிருந்தவர்.

ஒருமாதிரிச் சேரின்ரை முறை வந்துது. மனிசன் எழும்பி, வெள்ளைவெளேரெண்ட வரிசையை ஒருக்காப் பாத்தார். கண்ணைக் கசக்கிப்போட்டுத் திரும்பவும் பாத்தார். பெரிசாகி என்ன செய்யப்போறியள் எண்டு கேட்டார்.

எங்கடை சனத்துக்குச் சேவை செய்வம் சேர் எண்டு எல்லாரும் ஒரே ராகத்திலை இழுத்தினம். ரீச்சர் பழக்கிவிட்டது.

ராகம் முடிய முதல் சேர் மாலையோடை சரிஞ்சு விழுந்தார்.

டொக்டர்மார் கலைஞ்சினம். பம்புக் குழாய் ஒரு பக்கம், கரைவேட்டி ஒரு பக்கம். காது மூக்குத் தொண்டை மேடைக்குக் கீழை பூந்திட்டுது. இஞ்சினியர்மார் ரண்டு பேரும் ஹெல்மெற்றோடை ஹெல்மெற் முட்டுப்பட்டு நிலத்திலை இருந்திட்டினம். கொழும்பு ஸ்ரெதஸ்கோப்பை ரண்டு கையாலும் பிடிச்சுக்கொண்டு சுபாங்கன் தாயைப் பாத்துக் குழறினான்.

"அம்மா, கெதியாய் ஆரையும் ஒரு டொக்டரைக் கூப்பிடுங்கோ."

சனத்தை விலத்திக்கொண்டு தர்சிகா வந்தாள். துவாயை உருவிச் சேரின்ரை முகத்துக்குக் காத்து விசுக்கினாள். சேர் கண் முழிச்சு எழும்பி இருந்தோடனை, ஃபிளாஸ்க் மூடியிலை சீனித் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தாள். கதலிப்பழத்தை உரிச்சுக் கையிலை வைச்சாள். ரண்டாவது பழத்தோடை சேரின்ரை முகத்திலை ரத்தம் ஓடிச்சுது.

"கெட்டிக்காரப் பிள்ளை. நேர்ஸ் வேசமோ?"

ரீச்சர் முந்திக்கொண்டா. ஓம் சேர், நேர்ஸ்தான், எல்லாத் தொழிலும் இருக்கவேணுமெண்டு நான்தான் சொல்லிப் போடுவிச்சனான் எண்டா.

தர்சிகா ஃபிளாஸ்கை ஆறுதலாய்த் திருகி மூடினாள்.

"இல்லைச் சேர், என்ரை வேசம் வருத்தக்காரி. இத்தினை டொக்டர்மாரும் பாக்கிறதுக்கு ஒராள் வேணுமே எண்டு ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி வந்தனான், அந்த இடத்தையும் நீங்கள் பிடிச்சிட்டியள்."