சிங்கப்பூர்ப் பனங்கட்டி

"ஒரு சின்னக் கேள்வி, பிள்ளை."

சின்னக் கடை வைத்திருக்கும் யாக்கோப்பு கையைத் தூக்கியதும் பக்கத்தில் இருந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

லண்டன் கோலியர்ஸ் வுட் தேவாலய மண்டபம். சனிக்கிழமை பின்னேரம். இலங்கை போன்ற வளரும் நாடுகளில் இருந்து வரும் சாமானுக்குப் பேப்பர் சரியாக இருந்தால் பிரிட்டன் வரியைக் குறைக்கும். சிலதுக்கு வரியே இல்லை. அந்தப் பேப்பரை எப்படி நிரப்புவது என்று கடைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்திருந்தாள் பிறேமினி.

"கேளுங்கோ அங்கிள்."

"மன்னார்ப் பனங்கட்டி சிங்கப்பூரில கப்பல் மாறி வருது எண்டு வைப்பம். அப்ப அது சிங்கப்பூர்ப் பனங்கட்டிதானே?"

முன்வரிசையில் இருந்த நவநீத்தான் முதலில் சிரித்தார். டூட்டிங்கில் பெரிய கடை வைத்திருப்பவர், வர்த்தகர் சங்கத் தலைவர்.

"சிங்கப்பூரில எந்தப் பனையில ஏறுறது அண்ணை?"

மண்டபமே சிரித்தது.

பிறேமினி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "கப்பல் மாறினாலும் பனங்கட்டியின்ர ஊர் மாறாது அங்கிள். பேப்பரில இலங்கை எண்டுதான் எழுதவேணும்."

"ஓ, அப்பிடியே?"

உட்கார்ந்தவர் ஐந்து நிமிடத்தில் மறுபடி எழும்பினார்.

"ஏற்றுமதி செய்பவர் எண்ட இடத்தில நான்தானே கையெழுத்து வைக்கவேணும்?"

"இல்லை அங்கிள். ஏத்திறது மன்னாரில இருக்கிறவை. நீங்கள் இஞ்ச இறக்கிறவர்."

"ஓம், லொறியில இருந்து நான்தான் இறக்கிறன்."

இந்தச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. நவநீத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணை, சனம் கடையைப் பூட்டிப்போட்டு வந்திருக்கு. விளங்காட்டி வீட்டில இருக்கலாமே?"

"குறை நினையாதையுங்கோ தம்பி. என்ர மண்டையில ஏறக் கொஞ்சம் நேரமெடுக்கும். கடைசிக் கேள்வி. போன வருசத்துப் பேப்பரைப் போட்டோக்கொப்பி அடிச்சு இந்த வருசமும் குடுக்கேலும்தானே?"

பிறேமினியாலும் அடக்க முடியவில்லை. "ஏலாது அங்கிள்! ஒவ்வொரு முறை சாமான் வரேக்கையும் புதுப் பேப்பர் வேணும்." பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியும் போட்டாள்.

கூட்டம் கலைந்தது. நவநீத் மெல்ல அவளிடம் வந்தார்.

"பிள்ளை, வெறும் ஃபோர்ம் ஒண்டு தாங்கோ. எனக்கில்லை, ஒரு சிநேகிதனுக்கு."

வாங்கி மடித்துப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

யாக்கோப்பு கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பிறேமினிக்குப் பாவமாக இருந்தது.

"அங்கிள், விளங்காட்டிச் சொல்லுங்கோ. வீட்டுக்கு வந்து ஆறுதலாய்ச் சொல்லித்தாறன்."

தேத்தண்ணிக் கோப்பை கழுவிக்கொண்டிருந்த பியற்றிஸ் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "ஆருக்கு? இவருக்கோ? இவர் முப்பது வருசம் கொழும்புத் துறைமுகத்தில சுங்க அதிகாரியாய் இருந்தவர்!"

பிறேமினி திகைத்துப்போனாள். "பிறகேன் அங்கிள் இப்பிடிக் கேட்டனீங்கள்?"

"நவநீத் தம்பியின்ர பனங்கட்டி ரெண்டு கிழமையாய் இஞ்ச துறைமுகத்தில நிக்குது, பிள்ளை. மன்னாரில காய்ச்சின பொம்பிளையளுக்கு அடுத்த ஓடர் போகேல்லை. சாமான் எடுத்துக்குடுக்கிற அவரின்ர ஏஜென்ட் எனக்குத் தெரிஞ்ச ஆள், தம்பி நிரப்பிக் குடுத்த ஃபோர்மைக் காட்டினவர். பிழையெண்டு தம்பிக்கு ஃபோன் பண்ணினன். 'இருபது வருசமாய்க் கடை நடத்திறன், எனக்குப் படிப்பிக்காதையுங்கோ' எண்டு வைச்சிட்டார். சங்கத் தலைவர் எல்லே, நாலு பேருக்கு முன்னால எழும்பிக் கேப்பாரோ?"

"அதுக்காக இவ்வளவு சனமும் உங்களைப் பாத்துச் சிரிச்சுதே!"

யாக்கோப்பு கடைசிக் கதிரையைத் தூக்கி வைத்தார்.

"என்னைப் பாத்து எங்க சிரிச்சவை? நான் கேட்ட மூண்டு கேள்வியும், அந்த ஃபோர்மில தம்பி விட்டிருந்த மூண்டு பிழை."