புதுப் பிடி

அருமனையில் ரப்பர் வெட்டுகிற கத்திகளுக்குச் சாணை பிடிக்கும் கடை. தகரக் கூரையின் ஓட்டை வழியே சட்டைப் பொத்தான் அளவுக்கு வெயில் விழுந்து மேசையில் கிடக்கிறது. ஜெப்சன் சாணைச் சக்கரத்தை நிறுத்துகிறார். அது சுற்றி அடங்குகிறது. பெமிலா பையிலிருந்து கைக்கோடாலியின் தலையையும் முறிந்த பிடியையும் தனித்தனியாக எடுத்து வைக்கிறாள். துபாயில் வெள்ளிக்கிழமைகளில் பாலைவனத்தில் கூடாரம் அடிக்கப் போவதற்காக அவள் கணவன் தேவகுமார் வாங்கியது. இரண்டு வருடத்துக்கு முன், அவன் உடல் வந்து ஒரு மாதம் கழித்து வந்த அவன் சாமான் பெட்டியில் இருந்தது. அங்கே அறையில் கூடத் தங்கியவர்கள் யாரும் எடுத்துவிடக் கூடாதென்று பிடியில் கறுப்பு மையால் தன் பெயர் எழுதியிருக்கிறான். முறிவு பெயருக்கு நடுவே போகிறது. ‘தேவ’ தலையோடு ஒட்டிய துண்டில், மிச்சம் பிடியில்.

“பசை வச்சு ஒட்ட முடியுமாண்ணே?”

“ஒட்டினா ஒரு வெட்டு தாங்காது மக்கா. இரும்பு நல்ல இரும்பு, இன்னும் முப்பது வருசம் கிடக்கும். புதுப் பிடி போட்டுத் தாறேன்.”

அவள் தலையசைக்கிறாள். ஜெப்சன் தலையின் துளையில் இறுகிய மரத்துண்டை உளி வைத்து அடிக்கிறார். மூன்றாவது அடியில் அது கழன்று அவள் செருப்பருகே விழுகிறது. அவள் குனியவில்லை. வெளியே திற்பரப்பு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போகிறது. அவர் பழைய பிடியைக் கையில் உருட்டிப் பார்க்கிறார்.

“இது நல்ல தடிப்பு. புதுசு ஆருக்க கைக்குச் செதுக்கணும்?”

பெமிலா வலது கையை விரித்து, மேசையில் வெயில் கிடக்கிற இடத்தில் வைக்கிறாள்.

“எனக்க கைக்கு.”