அவங்க கிட்ட சொல்லுங்க

“கம்பெனிப் பெயரை விட்டுத் தர முடியாதுன்னு அவங்க கிட்ட சொல்லுங்க மேடம்” என்றாள் அக்காக்காரி.

அந்த ‘அவங்க’ வேறு யாருமில்லை. மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த கூடப்பிறந்த தங்கைதான்.

“பெயர் எனக்கு வேண்டாம்னு அன்னைக்கே சொல்லிட்டேனேன்னு அவங்க கிட்ட சொல்லுங்க” என்றாள் தங்கை, வாட்சைப் பார்த்தபடி. “எங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும் காட்டுங்க மேடம், போதும்.”

வக்கீலம்மாவுக்குத் தலையை வலித்தது. கைநீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் இருக்கிற இரண்டு பேருக்கு நடுவே தூது போவதற்கா விழுந்து விழுந்து சட்டம் படித்தோம் என்றிருந்தது.

அக்காவும் தங்கையும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி அது. ஸ்கூல் பைகள் தைக்கிற தொழில். ஒரே ஒரு மெஷினில் ஒருத்தி தைக்க, பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி துணி வெட்டிக் கொடுக்க, அப்படி வளர்ந்தது. பிறகு துணி வெட்டுகிற பகுதியைத் தங்கையின் புருஷன் பார்த்துக்கொண்டான். ஒருநாள் அளவு தப்பி நிறையத் துணி வீணாகிவிட, அத்தனை தொழிலாளிகள் முன்னாலும், “இதுக்கு நீங்க வீட்டுலயே இருந்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டாள் அக்கா.

அவன் வீட்டுக்குப் போய்விட்டான். பின்னாலேயே தங்கையும் போனாள். அன்றோடு பேச்சு அறுந்தது. இப்போது பங்கைப் பிரித்துக்கொண்டு ஒரேயடியாக விலகுகிறாள்.

பங்கு பிரிப்பதில் சண்டையே இல்லை. முதல் சந்திப்பிலேயே இருவரும் தலையாட்டிவிட்டார்கள். அன்றைக்கே கையெழுத்தாகியிருக்க வேண்டியது.

அக்காக்காரி விட்டால்தானே.

கட்டட வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் தொடரும் என்று ஆரம்பித்தாள். அது தீர்ந்ததும், பழைய தொழிலாளிகளின் பணிக்கொடைக்கு யார் பொறுப்பு என்றாள். அப்புறம் வரி. கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்கிற அந்த அலுவலகத்தில் ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு வக்கீல் உண்டு. எல்லாரையும் ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டு, இப்போது கம்பெனிப் பெயரில் வந்து நிற்கிறாள்.

போதாததற்கு, வந்து உட்கார்ந்ததுமே, “ஏ.சி.யைக் கொறைங்க மேடம், குளிருது” என்பாள். சொல்லிவிட்டு, கைக்குட்டையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருப்பாள்.

வைக்கோல் போரில் படுத்த நாய் கதைதான், தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது என்று வக்கீலம்மா மனசுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

“அடுத்து எப்போன்னு மெசேஜ் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டுத் தங்கை எழுந்து போனாள்.

கதவு சாத்தியதும் வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தாள். “தப்பா நினைக்காதீங்க. அவங்க எதையுமே கேக்கல. கொடுத்ததை வாங்கிட்டுப் போறேங்கிறாங்க. நீங்கதான் ஒவ்வொரு தடவையும் முட்டையில முடி தேடுறீங்க. அவங்களை இப்படி அலைய விட்டு உங்களுக்கு என்ன கிடைக்குது?”

அக்கா எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். கீழே தங்கை சாலையைக் கடக்கக் காத்திருந்தாள்.

“இளைச்சுட்டா, பார்த்தீங்களா?”

வக்கீலம்மா விழித்தாள்.

“கண்ணாடி வேற போட்டிருக்கா. எப்போ போட்டான்னுகூட எனக்குத் தெரியல. குளிர்காத்து பட்டா அவளுக்கு மூச்சு இழுக்கும். வாயைத் திறந்து சொல்ல மாட்டா, அழுத்தக்காரி.”

இத்தனை நாளும் ‘அவங்க’ளாக இருந்தவள் ‘அவ’ளாகிவிட்டதை வக்கீலம்மா அப்போதுதான் கவனித்தாள்.

“நேரா கூப்பிட்டுப் பேசிடலாமே?”

“போனை எடுக்க மாட்டா. வீட்டுக்கும் போனேன். அவ புருஷன்தான் கதவைத் திறந்தார். அங்கேயே நின்னு மன்னிப்பு கேட்டேன். உள்ள வாங்கன்னு கூப்பிட்டார் பாவம், நல்ல மனுஷன். இவ ரூமை விட்டு வெளிய வரல.” அவள் பார்வை சாலையை விட்டு அகலவில்லை. “இங்க மட்டும்தான் வர்றா. வக்கீல் கூப்பிட்டா வந்துதானே ஆகணும். எதிர்ல உட்கார்றா. குரல் காதுல விழுது. கையெழுத்துப் போட்டுட்டா, அப்புறம் எந்தச் சாக்குல அவளைப் பார்ப்பேன்?”

வக்கீலம்மா தண்ணீர் கிளாஸை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

கீழே தங்கை கூட்டத்தில் கலந்து மறைந்துவிட்டாள். அக்கா கைப்பையை எடுத்தாள்.

“நீங்க சொன்னதும் நியாயம்தான். வாட்சைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கா. என் ஆசைக்கு அவளை இழுத்தடிக்கிறது பாவம். நாளைக்கே முடிச்சுடுங்க. காலையில நான் வந்து போட்டுட்டுப் போயிடறேன். அவ வரும்போது நான் இருக்க வேண்டாம், அவளுக்கும் நிம்மதி.”

அவள் போனபிறகு வக்கீலம்மா தங்கைக்குப் போன் போட்டாள்.

“அவங்க எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டாங்க. நாளைக்கு வந்து கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. ரெண்டு பேரும் சேர்ந்து வரணும்னுகூட இல்ல. இனிமே நீங்க அலைய வேண்டாம்.”

 

“மேடம்.” தங்கை குறுக்கிட்டாள். “அந்த வாடகை ஒப்பந்தத்துல எனக்கு ஒரு சந்தேகம்.”

“அது அப்பவே முடிஞ்சு போச்சேம்மா?”

“இல்ல மேடம், முடியல. தொழிலாளிங்க விஷயத்துலயும் ஒண்ணு கேக்கணும். வரியிலயும் இருக்கு. எல்லாத்தையும் ஒரே நாள்ல போட்டுக் கொழப்பிக்க வேண்டாம். ஒவ்வொண்ணுக்கும் ஒருநாள் வெச்சு நிதானமா பேசலாம். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.” சற்று நிறுத்தினாள். “ஆனா அக்கா வந்தாதான் நான் வருவேன்.”