கீழிருந்து மேலே

சட்டையில் ஆறு பொத்தான்கள். கீழிருந்து மேலே போட வேண்டும். அதுதான் எங்கள் முறை.

மேலிருந்து ஆரம்பித்தால் இரண்டு பக்கமும் ஏறுக்குமாறாகிவிடும். கீழ் முனைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் கண்ணை மூடிக்கொண்டும் போடலாம். முடிந்ததும் ஆட்காட்டி விரலால் ஒவ்வொரு பொத்தானையும் ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும்.

இதை மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு நான்கு வருடம் ஆனது.

மாப்பிள்ளைக்கு வயது நாற்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை, ஆகப்போவதும் இல்லை. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை இல்லாமல் வேனில் ஏற மாட்டான் என்பதால் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான எங்கள் பயிற்சி மையத்தில் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளை.

இன்று அவனுக்குத் தேர்வு. பத்துத் திறன்களில் ஒன்பது தேறிவிட்டான். இது பத்தாவது.

பத்தும் தேறியவரை எங்கள் ஆண்டறிக்கை ‘சொந்தக் காலில் நிற்பவர்’ என்று சொல்லும். முதல் பக்கத்தில் எண்ணிக்கை பெரிய எழுத்தில் வரும். பதிவேட்டிலிருந்து பெயர் போய்விடும். வெளியே காத்திருக்கும் நாற்பது குடும்பங்களில் ஒன்று அந்த இடத்துக்கு வரும்.

பதிவேட்டில் பெயர் இருந்தால் மட்டும்தான், வீட்டில் கடைசி ஆளும் போன பிறகு, மையத்தின் மேல்மாடி விடுதியில் ஒரு கட்டில் கிடைக்கும்.

அவன் வீட்டின் கடைசி ஆள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அவனுடைய அம்மா. எழுபத்துநான்கு வயது.

போன வாரம் வேன் பக்கத்தில் என்னை நிறுத்தினார்.

“எல்லா அம்மாவும் பாஸ் போடச் சொல்லித்தான் கேப்பாங்க. நான் ஃபெயில் போடச் சொல்லிக் கேக்குறேன், தம்பி. எனக்கப்புறம் அவனுக்கு ஒரு கட்டில் வேணும்.”

பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும்.

தேர்வுக்கு முன்னால் பெற்றவர் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பேனா அவர் விரலில் நிற்கவில்லை. இரண்டு முறை கீழே விழுந்தது. மைப் பெட்டியை எடுத்துவந்து கட்டைவிரலைப் பிடித்து வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன், பாதி மடியில் கொட்டியது.

பயம் என்று நினைத்தேன். எனக்கும் அது இருந்தது.

“ஆரம்பி, மாப்பிள்ளை.”

கீழ் முனைகளைச் சேர்த்துப் பிடித்தான். ஒன்று. இரண்டு. மூன்று. கை தானாக ஓடியது. நான்காவதையும் போட்டான்.

அவன் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான்.

அம்மா ஒரு சைகையும் காட்டவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை.

ஐந்தாவது பொத்தானை அப்படியே விட்டான். ஆறாவதை இழுத்து ஐந்தாவது ஓட்டையில் மாட்டினான். காலர் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. கையைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

நான்கு வருடத்தில் அப்படி ஒரு தப்பை அவன் செய்ததே இல்லை.

‘தேறவில்லை’ என்று எழுதினேன். என் கையெழுத்தைப் போட்டேன்.

அம்மா நாற்காலியின் முதுகிலிருந்து ஸ்வெட்டரை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். இருவரும் நடைவழிக்குப் போனார்கள். கண்ணாடிக் கதவு மூடியது.

பக்கத்து அறையிலிருந்து மேடம் வந்தார். எங்கள் செயலாளர். காலையிலிருந்து போனும் கையுமாக, அறிக்கையின் அட்டைப்படத்துக்கு ஒரு முகம் தேடி அலைந்துகொண்டிருந்தார்.

“அப்ப இந்த வருஷம் பத்தும் தேறினவங்க பதினொண்ணு பேர்தானா? அச்சகத்துக்குப் பன்னெண்டுன்னு சொல்லிட்டேனேப்பா.”

“அவனுக்கு வரல, மேடம்.”

மேடம் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் கனிந்திருந்தது. மெதுவாகப் போனை உயர்த்தினார்.

நானும் பார்த்தேன்.

நடைவழியில் அந்த அம்மா மகனுக்கு எதிரே நின்றிருந்தார். மோவாயைத் தூக்கி, இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து சற்று விலக்கி வைத்திருந்தார். தினமும் அப்படி நின்று பழகியவர் நிற்கிற விதம் அது. ஸ்வெட்டரில் ஒன்பது பொத்தான்கள், சட்டைப் பொத்தானைவிடச் சின்னவை. மாப்பிள்ளை குனிந்து கீழ் முனைகளைச் சேர்த்துப் பிடித்தான்.

அவர் கைகள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. தேர்வு முடிந்துவிட்டது. பயமாக இருந்தால் அடங்கியிருக்கும்.

காலையில் அவர் இங்கே வந்தபோது அந்த ஒன்பதும் கழுத்துவரை சரியாகப் போட்டிருந்தது. நான் பார்த்தேன். பார்த்தும் யோசிக்கவில்லை.

எனக்கப்புறம் என்று அவர் சொன்னது எவ்வளவு அருகில் இருக்கிறது என்று இப்போது தெரிந்தது.

நான் கதவை மறைத்துக்கொண்டு நிற்கலாம் என்று நகர்ந்தேன். அதற்குள் மேடம் படம் எடுத்து முடித்திருந்தார். விரலால் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த படிவத்தைப் பார்த்தார்.

கோபம் எதுவும் இல்லை. கோபம் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

“வெளிய நாப்பது அம்மா நிக்கிறாங்கப்பா,” என்று சொல்லிப் படிவத்துக்குக் கையை நீட்டினார்.

கொடுத்தேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை வேலையை முடித்துவிட்டான். ஆட்காட்டி விரலால், ஒன்றைக்கூட விடாமல், ஒவ்வொரு பொத்தானையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.