பாப்பாவின் முகராசி

“எங்க ஓடற?” என்றார் ஃபிட்டர்.

ஷிஃப்ட் மாறி, அந்த வாரம்தான் அவர் காலை நேரத்தில் வீட்டில் இருக்கிறார். இருந்ததும் கண்ணில் பட்டது இதுதான்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே வாசல். பக்கத்து வீட்டு மெடிக்கல் ரெப் காரில் ஏறி உட்கார்ந்து லேசாக ஒரு ஹாரன் அடிப்பான். உடனே இவர் மனைவி போட்டது போட்டபடி, பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவாள். அவன் ஒரு சிரிப்பு சிரித்து டாட்டா காட்டுவான். அப்புறம்தான் வண்டி பின்னால் நகரும்.

கல்யாணம் ஆகாத பையன். மடிப்புக் கலையாத சட்டை வேறு. ஃபிட்டருக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

“பாப்பா முகத்தைப் பாத்துட்டுப் போனா நாள் நல்லா போகுதாம். ‘கொஞ்சம் காட்டுங்க அண்ணி’ன்னு தினமும் கேக்கறாரு” என்றாள் மனைவி வெள்ளந்தியாக.

“பாப்பா முகமா, உன் முகமா?”

வாய் தவறி வந்துவிட்டது. வந்தது வந்ததுதான். அவள் அன்று முழுக்க அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் ஹாரன் கேட்டது. அவள் அடுப்படியை விட்டு அசையவில்லை. ஃபிட்டர் ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்தார்.

மறுபடியும் ஹாரன். வண்டி நகரவில்லை. ரெப் இறங்கி வந்து இவர்கள் வீட்டை எட்டிப் பார்த்தான்.

அவ்வளவுதான். ஃபிட்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வெளியே போனார்.

“என்ன தம்பி, முகம் பாக்காம வண்டி நகராதோ?”

“பாப்பா எங்கண்ணே?”

“அவ அம்மாகிட்ட இருக்கா. உனக்கென்ன வந்தது?”

உள்ளேயிருந்து மனைவியின் குரல் பதறியது. “என்கிட்ட இல்லையே. உங்ககூடதானே விளையாடிட்டிருந்தா?”

ரெப் அந்தச் சட்டையோடு மண்ணில் குப்புறப் படுத்துக் காருக்கு அடியில் பார்த்தான். பின் சக்கரத்தை ஒட்டிப் பாப்பா குந்தி உட்கார்ந்திருந்தாள். ஹாரன் கேட்டதும், தூக்கிப் போக ஆள் இல்லாததால், தானே நடந்து வந்துவிட்டாள். டயருக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் மெல்ல அவளை வெளியே எடுத்து அப்பா கையில் கொடுத்தான். நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டுகிற கை, இரண்டு வயசுக் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மனைவி ஓடிவந்து பாப்பாவை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்கிற தெம்பு ஃபிட்டருக்கு இல்லை.

“கொழந்தை யார் கையிலயாவது இருக்கான்னு பாக்கத்தானா தினமும்…” அவர் அந்தச் சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தார். “வண்டிக்குப் பின்னால வந்துடுவாளோன்னு பயமா இருக்குன்னு நேரா சொல்லியிருக்கலாமேப்பா. எதுக்கு முகராசி, அது இதுன்னு ஒரு கதை?”

ரெப் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே சங்கடமாகச் சொன்னான்:

“கொழந்தை இருக்கற வீட்டு வாசல்ல நின்னு, காலங்காத்தால அந்தப் பேச்சை எப்படிண்ணே வாயில எடுக்கறது?”